மூக்கர் வீட்டுக் காற்று

இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. எங்கள் வீட்டுக் காற்றைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதாவது என் மாமனாரைப் பற்றி. எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். டிப்போவில் அவருக்கு மூக்கர் என்று பெயர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, அது செய்த அதிகாரம்தான் பெரிது. கருவாட்டுக் கூடையோடு ஏறியவர்கள் யாரும் அவர் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தைத் தாண்டியதில்லை. வியர்வை நாற்றத்தோடு நிற்கிற ஆளிடம், "ஏம்ப்பா, வீட்டுல தண்ணி வரலையா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பாராம். மழையில் யாராவது ஜன்னலைச் சாத்தினால் விசிலை ஊதி வண்டியையே நிறுத்திவிடுவாராம். "நனைஞ்சா துடைச்சுக்கலாம். மூச்சு முட்டினா துடைச்சுக்க முடியுமா?" என்பாராம். இதையெல்லாம் அவரே சொல்லி அவரே சிரிப்பார். நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் மருமகளாக வந்த அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷர் குடிக்கவில்லை. டம்ளருக்குள் மூக்கை நுழைத்து, கண்ணை மூடி, உள்ளிழுத்து மோந்தார். "முட்டை வாடை" என்று சொல்லி அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்தார். வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, குமட்டல்தான் வந்தது. டம்ளர் விளிம்பில் அவர் மூக்கு பட்ட இடம் ஈரமாக இருந்தது. சீ! அதையும் நான்தான் கழுவினேன்.

அப்புறம் பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். துண்டை மோப்பார், தலையணை உறையை மோப்பார், காய்ந்த பாத்திரத்தை எடுத்து மோப்பார். நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் ஏறி இறங்கிய கண்ணாடிகளைத் துடைப்பதுதான் என் பிழைப்பு. மாலையில் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவுடன், "இன்னிக்கு பஸ்ல நல்ல கூட்டம் போல" என்று மூக்கைச் சுருக்குவார். என் வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "அப்பா அப்படித்தான், விடு" என்பார். அந்த வீட்டில் எல்லாப் புகாருக்கும் அந்த ஒரு பதில்தான்.

என் மாமியார் வேறு ரகம். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அதிர்ந்து பேசமாட்டார். கணவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அவருக்கும் எனக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. எங்கள் இருவருக்கும் பொது எதிரி ஒருவர் இருந்தார், அதனாலும் இருக்கலாம்.

எங்கள் வீடு முதல் மாடியில். தெருப் பக்கம் ஒரு பால்கனி உண்டு. ஆனால் வண்டிப் புகை வருகிறது, தூசி வருகிறது என்று மாமா அந்தக் கதவைத் திறக்கவே விடமாட்டார். ஹாலின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்ட்'. கட்டடத்தின் நடுவில் மொட்டைமாடியிலிருந்து தரைவரை கிணறு மாதிரி இறங்கும் இடைவெளி அது. எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும், கழிவுக் குழாயும் அதில்தான் இருக்கும். ஓய்வு பெற்று முழுநேரமும் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், வீட்டில் காற்றே இல்லை என்பது மாமாவுக்குத் தெரிந்தது. அடுப்படியில் அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நிற்பதும் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"உனக்கு நான் காத்து கொண்டு வரேன் பாரு" என்று கிளம்பிப் போய் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை வாங்கி வந்தார். எலக்ட்ரீஷியன் வந்து ஹாலின் பின்சுவரில் ஓட்டை போட்டு அதை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளியது. மாமாவுக்கு வந்ததே கோபம்!

"யோவ், உள்ள இருக்கற கொஞ்சநஞ்சக் காத்தையும் வெளிய தள்ளிட்டா நாங்க என்னத்த இழுக்கறது?"

"சார், இது அப்படித்தான் சார். உள்ள இருக்கற சூட்ட வெளிய அனுப்பும்."

"சூட்ட அனுப்பறது இருக்கட்டும். காத்து எப்ப வரும்? திருப்பி மாட்டு."

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார், நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் செல்போனைப் பார்த்தார். ஃபேன் திரும்பியது. டக்ட்டிலிருந்து ஜில்லென்று காற்று ஹாலுக்குள் பாய்ந்தது. மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் எதிரில் நின்றார். அத்தையைக் கூப்பிட்டு நிறுத்தி, "காத்து வருதா?" என்றார்.

"வருதுங்க" என்றார் அத்தை.

வந்தது, வந்தது, காற்று மட்டுமா வந்தது? மூன்றாம் மாடிக்காரர் பாத்ரூமில் ஒளிந்து புகைக்கும் சிகரெட் வந்தது. யாரோ பொரிக்கும் மீன் வந்தது. பினாயில் வந்தது, வயிறு சரியில்லாதவர்களின் விவரம் எல்லாம் வந்தது. ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது ஒரு நாற்றம் உள்ளே நுழைந்ததே, உவ்வே! கவளம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஃபேனைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. ஆனால் மாமா அதைச் செய்யவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார். "உங்க வீட்டு நாத்தம் எங்க வீட்டுக்கு வருது, கொஞ்சம் சுத்தமா இருங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவார். மேல் வீட்டு டீச்சர் ஒருநாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டேவிட்டார்.

"ஏன் சார், இத்தனை வீடு இருக்கு. யாருக்கும் வராத நாத்தம் உங்களுக்கு மட்டும் எப்படி வருது?"

"உங்களுக்கெல்லாம் மூக்கு செத்துப்போச்சு. அதான்."

"அப்ப இன்னிக்கு எங்க வீட்டுல என்ன சமையல்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க சார்."

மாமா சரியாகச் சொன்னார். டீச்சர் கதவைப் படாரென்று சாத்தினார். அன்றிலிருந்து மாடிப்படியில் யாரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மானம் போனது எங்களுக்கு. மாமாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அந்த ஃபேனை அவர் விடாததற்கு ஒரு காரணம் இருந்தது. காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பியதும், மேலிருந்து தண்ணீர் வழிந்து டக்ட்டுக்குள் சொட்டும். கொஞ்ச நேரத்தில் ஃபேன் வழியாக ஒரு வாசனை வரும். மாமா நாற்காலியை ஃபேனுக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெஞ்சு விரிய இழுப்பார். "மழை பெஞ்ச மண்ணு வாசனை. இதுக்குத்தான்டா நான் ஃபேன் மாட்டினேன். கீழ எங்கயோ நல்ல மண்ணு இருக்கு" என்பார். அத்தையையும் பக்கத்தில் உட்கார்த்தி இழுக்கச் சொல்வார். அத்தையும் இழுப்பார். எனக்கு அந்த வாசனையில் தொண்டை கரகரக்கும். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அத்தைக்கு இருமல் வந்தது அதற்கப்புறம்தான். முதலில் வறட்டு இருமல். தெருமுனை டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். இருமல் போகவில்லை, மூச்சு போனது. அடுப்படியிலிருந்து ஹாலுக்கு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். துணி உலர்த்தப் போனவர் பாதியில் படியில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு துரும்பாக இளைத்தது. என் வீட்டுக்காரர் அப்போதுதான் செல்போனைக் கீழே வைத்தார்.

மாமா பதறிப்போனார். அதை நான் மறைக்க மாட்டேன். மனைவிமேல் உயிரையே வைத்திருந்தார், பாவி மனுஷர். அதனால் என்ன செய்தார் தெரியுமா? அத்தையின் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டார். "மூச்சு முட்டறவளுக்குக் காத்துதான் மருந்து" என்றார். இருமல் கூடக் கூட ஃபேனின் வேகத்தையும் கூட்டினார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "காத்து வருதா?" என்று கேட்பார். அத்தை இருமலுக்கு நடுவில், "வருதுங்க" என்பார்.

கடைசியில் நுரையீரல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. எங்களைப் பார்த்து முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார்.

"வீட்டுல பறவை ஏதாவது வளக்கறீங்களா? புறா, கிளி, கோழி?"

மாமா முந்திக்கொண்டார். "பறவையா? எங்க வீட்டுக்குள்ள ஈ வரணும்னாக்கூட என்னைக் கேட்டுத்தான் வரணும் டாக்டர்."

"பக்கத்துல?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நல்ல காத்தோட்டமான வீடு."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். பொய் என்று தோன்றவில்லை. நாங்கள் எதையும் வளர்க்கவில்லையே! டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே அத்தைக்கு ஆச்சரியமாக மூச்சு திரும்பியது. நாலு நாளில் எழுந்து நடமாடினார். பக்கத்துக் கட்டில்காரியோடு கதை பேசிச் சிரித்தார். வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாமா கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டுத் தயாராக இருந்தார். அந்த வாரமே அத்தையின் உதடு நீலமானது.

"மருந்து நின்னா திரும்ப வருதே, இது என்ன வியாதி!" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில்தான் அது நடந்தது. அத்தையின் மூக்குக் கண்ணாடியை நான் தினமும் துடைத்துக் கொடுப்பேன், தொழில் பழக்கம். ஆஸ்பத்திரியில் இருந்தவரை அந்தக் கண்ணாடியில் துடைக்க ஒன்றுமே இருக்காது. வீட்டில் ஒவ்வொரு காலையும் ஒரு படலம் படிந்திருக்கும். சமையல் எண்ணெய் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத் துணியை விரித்துப் பார்த்தேன். எண்ணெய் இல்லை. சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு மாவு. கண்ணாடியின் மூக்குப் பிடியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தேன். சின்னஞ்சிறு இறகு.

எனக்கு உடம்பு முழுக்கக் கூசியது. ஃபேன் கூண்டைப் பார்த்தேன். அதன் கம்பிகளில் அதே மாவு திட்டுத் திட்டாகப் பூத்திருந்தது. அதில் இன்னும் இரண்டு இறகுகள் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே, வீட்டைப் பார்த்து.

படியில் இறங்கி ஓடினேன். டக்ட்டின் அடியில் பிளம்பர் நுழைவதற்கு ஒரு இரும்புக் கதவு உண்டு. வாட்ச்மேனைத் திறக்கச் சொன்னேன். "வேணாம்மா, உள்ள அசிங்கமா இருக்கும்" என்றார். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, "திறங்க" என்றேன்.

கண்றாவி, என்ன சொல்வேன்! சுவரெல்லாம் குழாய்கள், குழாயெல்லாம் புறாக்கள். ஃபேன் இரைச்சலில் இத்தனை குனுகலும் எங்களுக்குக் கேட்டதே இல்லை. தரை என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. எச்சம், எச்சம், வருஷக்கணக்கான எச்சம். முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் மேடு. மேலே வெள்ளையாகக் காய்ந்து பொருக்குவிட்டு, காலடிச் சத்தத்துக்கே தூள் கிளம்பியது. அதற்குள் புதைந்து உடைந்த முட்டைகள், செத்துக் காய்ந்த குஞ்சு, மேல் வீடுகளிலிருந்து எறிந்த முடிச் சுருள், நாப்கின், அழுகிய பழத்தோல். ஒரு புறா செத்த புறாவின் மேலேயே உட்கார்ந்து குனுகிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே, எங்கள் வீட்டு ஃபேன் விர்ரென்று சுற்றி எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. தூ! இதைத்தான் நாங்கள் தின்றிருக்கிறோம். இதைத்தான் மனுஷர் அத்தைக்கு மருந்தென்று ஊட்டியிருக்கிறார்.

மேலே பார்த்துக் கத்தினேன். "மாமா! கீழ வாங்க!"

"என்னம்மா, டாக்சி வந்துடுச்சா?"

"வாங்கன்னா வாங்க!"

அந்தக் குரலில் நான் அவரிடம் பேசியதே இல்லை. மாமா செருப்புக்கூடப் போடாமல் வந்தார். நான் இறகை நீட்டினேன். "அத்தை கண்ணாடியில இருந்துச்சு. டாக்டர் புறா இருக்கான்னு கேட்டாங்களே, பாருங்க. நம்ம வீட்டுக் காத்து எங்கேயிருந்து வருதுன்னு பாருங்க."

அவர் பார்த்தார். ஆனால் ஒப்புக்கொள்வாரா? "இது கீழ கிடக்குது. நம்ம வீடு மேல இருக்கு. அந்த நாத்தம் வந்திருந்தா எனக்குத் தெரியாதாம்மா? என் மூக்குக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. மேலே தொட்டி நிரம்பிவிட்டது. சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து, தண்ணீர் அந்தச் சாம்பல் மேட்டின் மேல் விழுந்தது. பொருக்கு கரைந்து கருத்தது. ஆவி பறக்கிற மாதிரி ஒரு வாசனை எழும்பி எங்கள் முகத்தில் அடித்தது. மழை பெய்த மண் வாசனை.

மாமாவின் மூக்கு விரிந்தது. பழக்கதோஷம், இழுத்தார். பாதி மூச்சிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இது... இது நம்ம..." என்றார்.

"ஆமா மாமா. உங்க மழைதான்."

இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். இத்தனை வருஷம் அவர்மேல் இருந்த அருவருப்புக்கு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகைத் தடவிவிட்டேன். "நான்தானம்மா கட்டில இழுத்துப் போட்டேன்" என்று அழுதார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மை அதுதானே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இதத்தானே முதல் நாளே கேட்டேன்?" என்றார். புறா எச்சத் தூள் நுரையீரலில் போய்ப் புண்ணாகி இறுகிவிட்டது, இறுகிய பகுதி இனித் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், ஆனால் வீடு சுத்தமாகாமல் நோயாளியை உள்ளே விடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றைக்கே ஃபேனைக் கழற்றினார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை, தானே கழற்றினார். ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியது வரை பக்கத்தில் நின்றார். மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் போயின. நாங்கள் முகத்தை மூடிக்கொண்டு சுவரையும் கூரையையும் ஈரத்துணியால் துடைத்தோம். வாளித் தண்ணீர் சாம்பல் கரைத்த மாதிரி ஆனது. ஒவ்வொரு வாளியைக் கொட்டும்போதும், இது அத்தைக்குள் எவ்வளவு போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷமாகச் சாத்தியிருந்த பால்கனிக் கதவு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. மாமா தோளால் முட்டித் திறந்தார்.

டக்ட்டைச் சுத்தம் செய்து மேலே வலை போட எல்லா வீட்டுச் சம்மதமும் வேண்டியிருந்தது. மாமா மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு படியேறினார். நானும் கூடப் போனேன். டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"சொல்லுங்க சார், இன்னிக்கு என்ன நாறுது?"

"உங்க வீட்டுல ஒண்ணும் நாறல டீச்சர். நாத்தம் எங்க வீட்டுலதான். நான்தான் எல்லாத்தையும் இழுத்து உள்ள விட்டேன். அவளுக்கு நுரையீரல் போச்சு."

டீச்சர் கதவை முழுசாகத் திறந்து, "உள்ள வாங்க சார்" என்றார்.

அத்தை வீட்டுக்கு வந்தது வலை போட்ட பிறகுதான். இப்போது அவருடைய நாற்காலி பால்கனியை ஒட்டி இருக்கிறது. தெருப் புகை கொஞ்சம் வரத்தான் செய்கிறது. போக்குவரத்து நெரிசலாகும் நேரங்களில் மட்டும் சாத்திக்கொள்கிறோம். நாற்காலியிலிருந்து அடுப்படிக்குப் போக அவர் நடுவில் ஒருதரம் நிற்க வேண்டும். முன்பு எங்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தவர். ஒருநாள் நான் கேட்டேன்.

"ஏன் அத்தை, அந்தக் காத்து உங்களுக்கு ஒத்துக்கலைன்னு ஒருதரமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்காகத்தானே மாட்டினாரு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே உலுக்கலாம் போல இருந்தது. இழுக்கிறவர் ஒருத்தர், வருதுங்க என்கிறவர் ஒருத்தர், அப்பா அப்படித்தான் என்கிறவர் ஒருத்தர். நல்ல குடும்பம்!

மாமா இப்போது எதையும் மோப்பதில்லை. டம்ளரைக் கொடுத்தால் நேராகக் குடிக்கிறார். "காத்து வருதா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டார். நேற்று காலை அடுப்படியில் பால் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மூக்கு வரை கொண்டுபோனார், பிறகு கீழே இறக்கினார். பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அத்தையிடம் வந்தார்.

"இது நல்லா இருக்கா கெட்டுப்போச்சா, நீ பாத்துச் சொல்லு" என்றார்.

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சை இழுத்தார். நானும் கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். இழுத்தார், நெஞ்சு ஏறும்வரை இழுத்தார். இருமல் வரவில்லை.

"சீ, கெட்டுப்போச்சு" என்றார். "கொண்டுபோய்க் கொட்டுங்க."